விளம்பும் சொல்லும் வாங்கும் மனமும்

‘விளம்பரம்’ என்னும் சொல்லை நாள்தோறும் கேட்கிறோம். எனினும் எது விளம்பரம், எது விளம்பரம் அன்று என வரையறுத்துக் கூறுமாறு கேட்டால் கற்றவரும் சற்றுத் தயங்குவர். விளம்புதல் என்பது வெளிப்படச் சொல்லுதல் எனப் பொருள்படும் பழந்தமிழ் வினை. அதன் அடியாகப் பிறந்ததே விளம்பரம். குமரி மாவட்டத்தார் இலையில் சோறு பரிமாறுவதையும் ‘விளம்புதல்’ என்றே வழங்குவர். இவ்விரு பொருளையும் இணைத்துப் பார்ப்பது சுவை தரும். எதை இலையின் முன்னே வைப்பது, எதை ஓரத்தில் வைப்பது, எதை வையாமலே விடுவது என்பதெல்லாம் விளம்புவோர் கையில்தானே இருக்கிறது!

தொலைக்காட்சி நிகழ்ச்சியின் நடுவே வருவது, நாளிதழின் முழுப் பக்கத்தில் வருவது, நெடுஞ்சாலை ஓரத்தில் இரும்புச் சட்டத்தின்மேல் நிற்பது ஆகியவற்றையே நாம் பெரும்பாலும் விளம்பரம் எனக் கருதுகிறோம். இவற்றின் முன்னே நம் மனம் ஓரளவு விழிப்போடு இருக்கிறது. ‘விற்பவர் தம் பொருளைப் புகழத்தானே செய்வார்’ என்று சற்றே தள்ளி நின்று நோக்குகிறது. விளம்பரம் என்று அறியப்படாத விளம்பரத்தின் முன்னேயோ இந்த விழிப்பு இருப்பதில்லை. அங்கேதான் அதன் வலிமை பன்மடங்கு பெருகுகிறது. ஆதலின் எது விளம்பரம் என்னும் வினாவை அகராதி வினாவாக மட்டும் கொள்ளுதல் போதாது. வாங்குவோர் மனத்தை ஆராயப் புகுவோர் அங்கிருந்துதான் தொடங்குதல் வேண்டும்.

சட்டம் தரும் வரையறை

இவ்வினாவுக்கு இந்தியச் சட்டம் தரும் விடை வியப்பூட்டுவது. நோய் தீர்ப்பதாகச் சொல்லும் போலி விளம்பரங்களைத் தடுக்க 1954இல் மருந்துகள் மற்றும் மந்திரத் தீர்வுகள் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி அறிவிப்பு, சுற்றறிக்கை, பொருளின்மேல் ஒட்டிய சீட்டு, சுற்றிய உறை, பிற ஆவணம், வாயால் கூவும் அறிவிப்பு, ஒளி, ஒலி, புகை ஆகியவற்றால் செய்யும் அறிவிப்பு அனைத்தும் விளம்பரமே. புகை எங்கே வந்தது என்று மாணவர்கள் கேட்கலாம். மேலை நாடுகளில் வானூர்தியின் புகையால் வானத்திலேயே பொருளின் பெயரை எழுதும் வழக்கம் 1920களில் தோன்றியிருந்தது. நம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இப்பட்டியலில் வாயுவையும் இணையத்தையும் விலைச்சீட்டையும் சேர்த்துக்கொண்டது. மணத்தைத் தனியே குறிக்கவில்லை. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து வருவோரின் புறங்கையில் ஒரு துளி அத்தரைத் தடவி அனுப்பும் வணிகரை இச்சட்டத்தின் எந்தச் சொல்லில் அடக்குவது என்று வழக்கறிஞர்கள்தாம் கூற வேண்டும். ஆனால் அவர் செய்வது விளம்பரம் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. ஊர் முழுதும் அந்த மணத்தைச் சுமந்து திரிவோர் நாமே அல்லவா!

1954ஆம் ஆண்டுச் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தோருள் தில்லியில் 1906இல் தொடங்கப்பெற்ற ஹம்தர்த் தவாகானாவும் ஒன்று. விளம்பரமும் பேச்சுரிமையுள் அடங்குமா என்பதே அவ்வழக்கில் எழுந்த பெருவினா. விளம்பரம் பேச்சின் ஒரு வடிவமே எனினும், அது எதை வளர்க்க எழுந்ததோ அதைக் கொண்டே அதன் தன்மையை முடிவு செய்தல் வேண்டும் என்னும் கருத்துப்பட உச்சநீதிமன்றம் 1959 டிசம்பரில் தீர்ப்பளித்தது. சட்டத்தின் சில பகுதிகளை மட்டும் நீக்கியது. பின்னர் 1995இல், தொலைபேசி எண் நூல் பற்றிய டாட்டா பிரஸ் வழக்கில், வணிக விளம்பரமும் பேச்சுரிமையின் காப்பைப் பெறும் என்று அதே நீதிமன்றம் கூறியது. எந்தப் பொருள் எங்கே, என்ன விலைக்குக் கிடைக்கும் என்று அறியும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு என்பது அத்தீர்ப்பின் அடிப்படைகளுள் ஒன்று. இரு தீர்ப்பும் ஒன்றையொன்று மறுப்பன போலத் தோன்றினாலும், செய்தி தரும் விளம்பரத்தையும் மயக்கும் விளம்பரத்தையும் வேறுபடுத்திக் காண அவை உதவுகின்றன.

இலக்கியத்தில் விளம்பரம்

நம் இலக்கியங்களில் விளம்பரத்துக்குச் சான்று தேடி அலைய வேண்டியதில்லை. மதுரைக்காஞ்சியிலும் பட்டினப்பாலையிலும் கடைகளின்மேல் கொடிகள் அசைகின்றன. எழுத்தறியாதவரும் கொடியைக் கண்டு கள் விற்கும் இடத்தை அறிந்தனர். மணிமேகலையின் முதற்காதையிலேயே முரசறைந்து இந்திரவிழா அறிவிக்கப்படுகிறது. இவற்றினும் நயம் மிக்கது அம்மூவனாரின் அகநானூற்றுப் பாடல் ஒன்று. உமணர் மகள் ஒருத்தி சேரிக்குள் வந்து, நெல்லுக்கு ஈடாக அதே அளவு உப்புத் தருவதாகக் கூவுகிறாள். பொருள் இன்னது, விலை இன்னது, மாற்று இன்னது என அனைத்தும் அந்தச் சிறு கூவலில் அடங்கிவிட்டன. செய்யூர்ப் பக்கத்து உப்பளங்களிலிருந்து வண்டியில் உப்பு வந்த காலத்தைக் கண்ட பெரியோர்க்கு இக்காட்சி புதிதாகத் தோன்றாது. ஆனால் அப்பாடலின் தலைவன் உப்பை எண்ணி நோகவில்லை. கூவியவளை எண்ணி நோகிறான். பொருளைச் சொன்ன குரல் பொருளைவிட ஆழமாக மனத்தில் தைத்துவிடுகிறது. இன்று திரைக்கலைஞரைக் கொண்டு நகை விற்போர் அறிந்த உண்மையை நம் புலவர் என்றோ அறிந்திருந்தார்.

துணி விற்ற கடற்கரை

மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்தை ஒட்டி அமைந்த சதுரங்கப்பட்டினம் இன்று அமைதியான கடலோர ஊர். 17ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் இங்கே வணிக நிலையம் அமைத்து, பின்னர்க் கோட்டையும் கட்டினர். 1824ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி அவர்தம் இந்தியக் குடியிருப்புகள் ஆங்கிலேயர் கைக்கு மாறின. இப்போது தொல்லியல் துறையின் காப்பில் அக்கோட்டையும் செதுக்கிய கல்லறைகளும் எஞ்சி நிற்கின்றன. அவர்களை இங்கே ஈர்த்தவற்றுள் முதன்மையானது நேர்த்தியான பருத்தித் துணி.

அக்காலத்துக் கம்பெனி வணிகத்தில் ‘மாதிரி’ என்பது பெருமதிப்புடையது. ஒரு துண்டுத் துணியைக் காட்டி, இதுபோல் இத்தனை உருப்படி என்று ஒப்பந்தம் செய்வர். வந்த துணி மாதிரியோடு ஒத்துவரவில்லையேல் தள்ளுவர். அல்லது விலையைக் குறைப்பர். மாதிரியும் ஒருவகையில் விளம்பரந்தான். ஆனால் அது விற்பவரைக் கட்டும் விளம்பரம். இன்றைய பெரும்பாலான விளம்பரங்கள் வாங்குவோரை ஈர்க்கின்றனவேயன்றி விற்போரைக் கட்டுவதில்லை. இவ்வேறுபாட்டை மாணவர்கள் மனங்கொள்ளுதல் வேண்டும்.

19ஆம் நூற்றாண்டில் வணிகத்தின் திசை மாறியது. துணி ஏற்றுமதி செய்த நாட்டுக்கே மான்செஸ்டர் ஆலைத் துணி வந்து இறங்கியது. துணியின்மேல் வண்ணச் சீட்டு ஒன்று ஒட்டப்பட்டிருக்கும். அதில் நம் நாட்டுத் தெய்வங்களும் அரசர்களும் விலங்குகளும் பளபளக்கும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் படத்தைச் சொல்லிக் கடையில் துணி கேட்கலாம். நூலின் தரம் பற்றி அச்சீட்டு எதுவும் உரைப்பதில்லை. ஆயினும் அயல்நாட்டுத் துணிக்கு வீட்டுத் துணியின் முகத்தை அது தந்தது. பொருளின் தன்மையைக் கூறாமலே பொருளோடு உறவை உண்டாக்கும் இக்கலையை நம் சந்தை அந்தச் சீட்டின்வழியே நன்கு கண்டது.

துணி பற்றிய பேச்சில் இன்னொரு நிகழ்ச்சியையும் கூறாமல் இருக்க இயலவில்லை. சென்னைச் சுற்றுப்புறத் தறிகளில் தாவரச் சாயம் இட்டு நெய்த கட்டம் போட்ட கைத்தறித் துணி ‘மெட்ராஸ்’ என்னும் பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது. கைலி வணிகக் குடும்பங்களைச் சேர்ந்த நம் பெரியோர்க்கு இதனை விளக்க வேண்டியதில்லை. பின்னாளில் லீலா விடுதிகளை நிறுவிய கேப்டன் கிருஷ்ணன் நாயர் 1958இல் இத்துணியை அமெரிக்க வணிகர் ஒருவருக்கு விற்றார். குளிர்ந்த நீரில் மெல்ல அலச வேண்டும் என்னும் அறிவுரை வாங்குவோரைச் சென்றடையவில்லை. இயந்திரத்தில் துவைத்தோரின் சட்டையில் சாயம் ஒன்றோடொன்று கலந்து ஓடியது. வழக்குவரை சென்றிருக்க வேண்டிய இச்செய்தியை அமெரிக்க விளம்பரத் துறையினர் தலைகீழாகத் திருப்பினர் என்பர். ‘சாயம் போகும் என்பதற்கு நாங்கள் உறுதி’ என்னும் பொருள்பட விளம்பரம் வந்தது. ஒவ்வொரு சலவைக்கும் புதுநிறம் காட்டும் கீழை நாட்டு அற்புதம் எனப் பேசப்பட்டு, அத்துணி அங்கு இளைஞர் விரும்பும் ஆடையாயிற்று. துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை. குறை என்று கண்ட கண் அதையே அழகு என்று காணத் தொடங்கியது. இங்கே பொய் ஏதும் சொல்லப்படவில்லை என்பதையும் நோக்குக. உண்மையைச் சொல்லியே மனத்தை மாற்றுவது விளம்பரத்தின் மிக உயர்ந்த திறன். அதனாலேயே அது மிகுந்த கவனத்துக்கும் உரியது.

மனத்துக்குள் நிகழ்வது

கவனத்தை ஈர்த்தல், ஆர்வம் ஊட்டல், விருப்பம் எழுப்பல், செயலுக்குத் தூண்டல் என்று விளம்பரத்தின் படிகளை வணிகவியல் நூல்கள் வரிசைப்படுத்தும். தேர்வுக்கு எழுத இது போதும். கடைத்தெருவில் மனம் இத்துணை ஒழுங்காகப் படியேறுவதில்லை.

முதலாவது, பழக்கம். அமெரிக்க உளவியல் அறிஞர் சஜோன்க் 1968இல் வெளியிட்ட ஆய்வில், பொருள் அறியாத சொற்களையும் குறிகளையும் மக்களுக்குத் திரும்பத் திரும்பக் காட்டினார். அடிக்கடி கண்டவற்றையே அவர்கள் நல்லவை என மதித்தனர். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. கண்டு பழகியதே காரணம். இக்கடற்கரையில் இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பைக் கேட்டு வளர்ந்தோர் பலர். நாடுகளின் பெயர்களை அடுக்கி ஒலித்த பற்பொடி விளம்பரம் இன்றும் அவர்கள் நாவில் நிற்கிறது. எத்தனை நாட்டினர் வாங்கினர் என்பதற்கும் பல்லின் உறுதிக்கும் என்ன தொடர்பு என்று அன்று எவரும் கேட்கவில்லை. மெட்டு இனிமையாக இருந்தது. கடைக்காரரிடம் அந்தப் பெயரே வாயில் வந்தது.

இரண்டாவது, விலை. டிவெர்ஸ்கி, கானமன் என்னும் அறிஞர் இருவர் 1974இல் விளக்கிய சோதனை ஒன்று உண்டு. எண்கள் எழுதிய சக்கரத்தைச் சுழற்றி, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் நூற்றுக்கு எத்தனை என்று கேட்டனர். சக்கரத்தில் 10 கண்டவர்கள் ஏறத்தாழ 25 என்றனர். 65 கண்டவர்கள் ஏறத்தாழ 45 என்றனர். சக்கரத்துக்கும் வினாவுக்கும் தொடர்பே இல்லை. எனினும் முதலில் கண்ட எண் நங்கூரம்போல் மனத்தைப் பிடித்துக்கொண்டது. 999 என்பதை அடித்து 499 என்று எழுதும் துணிக்கடை இந்த நங்கூரத்தைத்தான் இறக்குகிறது. ஆடியில் திருமணம் இல்லை, விற்பனை மந்தம். தேங்கிய சரக்கைத் தள்ளத் தொடங்கிய ஆடித் தள்ளுபடி இன்று ஒரு பருவமாகவே ஆகிவிட்டது. ஆடைக்குத் தேவை இருக்கிறதா என்று எண்ணிக் கடைக்குச் சென்ற காலம் போய், தள்ளுபடி இருப்பதால் தேவையை எண்ணிப் பார்க்கும் காலம் வந்துள்ளது.

மூன்றாவது, நம்பிக்கைக்குரிய முகம். இதன் கொடிய எடுத்துக்காட்டைக் காணத் தமிழகத்துக்கு வெளியே செல்ல வேண்டியதில்லை. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் இயங்கிய சுசி ஈமு நிறுவனம், ஒன்றரை இலட்சம் ரூபாய் செலுத்தினால் ஈமு கோழிக் குஞ்சுகளும் தீவனமும் தந்து, மாதந்தோறும் ஊக்கத்தொகையும் ஆண்டு இறுதியில் போனசும் வழங்கி, ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முதலையும் திருப்பித் தருவதாகக் கூறியது. நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் விளம்பரம் ஓயாது வந்தது, திரைக்கலைஞர்களும் தோன்றினர். ஆஸ்திரேலியப் பறவையின் இறைச்சியை வாங்க இங்கே யார் இருக்கிறார் என்னும் எளிய வினா அந்த ஒலியில் அமுங்கிப் போயிற்று. 2012 ஆகஸ்டில் நிறுவனம் சரிந்தது. பணம் கட்டியோர் தெருவில் நின்றனர். தீவனமின்றி வாடிய பறவைகளுக்கு அரசின் கால்நடைத் துறையே உணவளிக்க நேர்ந்தது. பணம் கட்டியோருள் பலர் நிலத்தில் உழைத்துப் பழகிய வேளாண் மக்கள். கோழி வளர்ப்பின் வரவு செலவு அறியாதவர்கள் அல்லர். முன்பே பணம் பெற்ற பக்கத்துத் தோட்டத்துக்காரரின் மகிழ்ச்சியே மிகப்பெரிய விளம்பரமாக அமைந்துவிட்டது. அதற்கு நிறுவனம் ஒரு காசும் விளம்பரக் கட்டணம் செலுத்தவில்லை. அவர் பெற்ற மாதத் தொகையே அந்தக் கட்டணம்.

பேசாத குவியல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் காணும்படி ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை நம்மவர் பலரும் அறிவர். இந்நிகழ்ச்சியை நேர்மைக்குச் சான்றாகவே பெரும்பாலும் எடுத்துரைக்கிறோம். இதை விளம்பர நோக்கில் காண்போர் குறைவு. அவ்வணிகர் என் தானியம் உலர்ந்தது என்று ஒரு சொல்லும் சொல்லியதாகச் செய்தியில் இல்லை. மழையில் நனைந்தது என்றே விடை கூறினார். குவியலை அமைத்த முறைதான் பேசியது. காய்ந்தது மேலே, நனைந்தது கீழே என்னும் அந்த அமைப்பே விளம்பரம். முதன்மையான செய்தியை வேண்டுமென்றே மறைப்பதும் தவறாக வழிநடத்தும் விளம்பரமே என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் கூறுவது இக்குவியலுக்கு முற்றும் பொருந்தும்.

அவ்வாறே வாங்கும் எண்ணமின்றி விலையை உயர்த்திக் கேட்டுப் பிறரை ஏமாற்றும் ‘நஜ்ஷ்’ இஸ்லாமிய வணிக நெறியில் தடுக்கப்பட்டது. உயர்த்திக் கேட்பவர் பொருளைப் புகழ்வதில்லை. தாமும் ஒரு வாங்குவோர்போல நிற்கிறார், அவ்வளவே. இணையக் கடைகளில் ஐந்து நட்சத்திரம் இட்டு ‘மிக நன்று’ என எழுதும் கூலி விமர்சகர் இவர் வழி வந்தவரே. இத்தகைய போலி மதிப்புரைகளைக் கட்டுப்படுத்தவே இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் ஒரு தர அளவீட்டை வெளியிட்டது. பொருளைப் புகழ்வோர்க்கும் விற்போர்க்கும் இடையே பணத் தொடர்பு இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்பது 2022 ஜூன் மாத மத்திய அரசு வழிகாட்டு நெறிகளின் கட்டளை. செய்தி போலவும் மதிப்புரை போலவும் வேடமிட்டு வரும் விளம்பரம் 2023 நவம்பர் 30இல் தடுக்கப்பட்ட பதின்மூன்று ஏமாற்று உத்திகளுள் ஒன்று. கைப்பேசியில் தமக்குப் பிடித்த ஒருவர் முகப்பூச்சைப் பற்றிப் பேசுவதைத் தோழியின் அறிவுரைபோலக் கேட்கும் நம் மாணவியர் இதனைக் கட்டாயம் அறிந்திருத்தல் வேண்டும்.

மருந்து பற்றிய விளம்பரம் இன்னும் நுண்ணியது. ஏனெனில் வலியில் இருப்பவர் ஆராய்ந்து வாங்குவதில்லை. இந்திய மருத்துவச் சங்கம் தொடுத்த வழக்கில், பதஞ்சலி நிறுவனம் 2024 ஏப்ரலில் நாளிதழ்களில் மன்னிப்பு விளம்பரம் வெளியிட்டது. முன்பு வந்த விளம்பரங்களின் அளவிலேயே இம்மன்னிப்பும் வந்துள்ளதா என்று உச்சநீதிமன்றம் வினவியது. அச்சில் எழுத்தின் அளவும் ஒரு வாதமே என்பதை நீதிபதிகள் நன்கு உணர்ந்திருந்தனர்.

விளம்பரத்தின் இலக்கணம்

தமிழ் பயில்வோர்க்கு இத்துறையில் தனிப் பணி ஒன்று உண்டு. விளம்பர வாசகங்களை இலக்கணக் கண்கொண்டு பகுத்தால் பல மறைப்புகள் வெளிப்படும். ஐந்தாம் வேற்றுமைக்கு நீங்கல், ஒப்பு, எல்லை, ஏது என நான்கு பொருள்களை நன்னூலார் கூறுவார். ‘அதிக வெண்மை’ என்னும் சலவைத்தூள் எதனின் அதிகம் என்று கூறுவதில்லை. ஒப்பிடுவதற்குரிய பொருளை நீக்கிவிட்டு ஒப்பீட்டை மட்டும் நிறுத்தும் தந்திரம் இது. ‘நிரூபிக்கப்பட்டது’ என்னும் செயப்பாட்டு வினையில் நிரூபித்தவர் யார் என்பது இல்லை. ‘50 விழுக்காடு வரை’ என்பதில் ‘வரை’ என்னும் சொல்லே முழு உண்மையையும் சுமந்து நிற்கிறது. அதுதான் மிகச் சிறிய எழுத்தில் அச்சாகும். ஒரே ஒரு கைக்குட்டைக்கு 50 விழுக்காடு தள்ளினாலும் அவ்வாசகம் பிழையாகாது.

சிற்றெழுத்து நிபந்தனைகள் பற்றியும் ஒன்று கூறுதல் தகும். 2022ஆம் ஆண்டு நெறிகளின்படி, விளம்பரம் எந்த மொழியில் உறுதி கூறுகிறதோ அதே மொழியிலேயே நிபந்தனையும் இருத்தல் வேண்டும். எழுத்துருவும் அதுவே ஆதல் வேண்டும். பெரிய தமிழெழுத்தில் இலவசம் என்று முழங்கி, அடியில் எறும்பு ஊர்ந்தாற்போல் ஆங்கிலத்தில் நிபந்தனை எழுதும் பழக்கம் இந்நெறிக்கு மாறானது. தமிழ்த்துறை மாணவர்கள் இத்தகைய சீட்டுகளையும் உறைகளையும் திரட்டி ஓர் ஆய்வேடே எழுதலாம். நுகர்வோர் உதவிக்கான 1915 என்னும் எண்ணில் முறையிடவும் அது பயன்படும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் திருவான்மியூரிலிருந்து சதுரங்கப்பட்டினம் நோக்கி வருவோர் கண்ணில் படும் மனை விளம்பரங்களையும் இவ்வாறே படித்துப் பார்க்கலாம். ‘கல்பாக்கத்திலிருந்து பத்தே நிமிடம்’ என்றால் எந்த ஊர்தியில், எந்த வேளையில் என்பது இல்லை. கிலோமீட்டரை அளந்து சரிபார்க்க இயலும். நிமிடத்தை அவ்வாறு இயலாது. ஆகவே நிமிடம் எழுதப்படுகிறது. வீட்டுமனை ஒழுங்குமுறைச் சட்டம், 2016இன்படி பதிவு பெற வேண்டிய திட்டங்களின் விளம்பரத்தில் ஆணையத்தின் பதிவு எண்ணும் இணைய முகவரியும் தெளிவாக இடம்பெறுதல் வேண்டும். விளம்பரத்தின் பொய்யை நம்பி முன்பணம் கட்டி இழப்புற்றவர் இழப்பீடு கோரலாம். திட்டத்திலிருந்து விலக விரும்பினால் கட்டிய தொகையை வட்டியோடு திரும்பப் பெறவும் அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு வழி செய்கிறது. அதற்குச் சான்றாக அமைவது அந்த விளம்பரத் துண்டுத்தாளே. ஒல்லாந்தர் காலத்துத் துணி மாதிரியைப் போல விற்பவரைக் கட்டும் ஆவணமாக அத்தாள் மாறிவிடுகிறது. ஆதலின் மனை வாங்க முன்பணம் கொடுக்கும் பெற்றோர், பத்திரத்தோடு சேர்த்து அத்தாளையும் தேதி குறித்துப் பெட்டியில் வைத்துக்கொள்வது நல்லது.